யந்திர வாக்கும் மண்ணின் வாக்கும்

வீடு கட்டுமுன் நாள் பார்ப்பவரும் மனையடி சாத்திரம் கேட்பவரும் நம்முள் இன்னும் உளர். அவரைக் கண்டு நகைக்கும் கற்றோரிலும், யந்திரம் உரைத்தது என்றவுடன் வினா எழுப்பாது தலைவணங்குவோர் பெருகி வருகின்றனர். புதிய கட்டட முறையொன்றைக் கைக்கொள்ளுமுன் அதன் தகுதியைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஆராய முற்பட்டிருக்கும் இந்நாளில், முன் நிகழ்ந்த இரண்டினை நோக்குதல் தகும்.

வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணையின்மேல், இரும்புத் தகட்டாலான பெருங்குழாய்களினூடே இரயில் வண்டியைச் செலுத்தக் கருதினார் ராபர்ட் ஸ்டீபன்சன். அத்தகைய பாலம் அதுவரை இருந்ததில்லை. ஆதலின் 1845 முதல் வில்லியம் ஃபேர்பேர்ன் என்பார் சிறு குழாய்களைச் செய்து பாரமேற்றிப் பார்த்தார். மேல்தகடே முதலில் நெளிந்து மடங்கிற்று. மேற்புறம் அறையறையாக வலுப்படுத்தப்பட்டது. பின்னர் ஆறிலொரு பங்கு அளவில் மாதிரி சமைத்து, முறியுமளவும் சுமையேற்றிச் செப்பனிட்டு, மீண்டும் முறித்தனர். 1850இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலம், 1970இல் தீக்கிரையாகும்வரை உழைத்தது.

இனி நம் சிங்கையில் நிகழ்ந்தது. நிக்கல் நெடுஞ்சாலையருகே வட்ட இரயில் பாதைக்காக ஏறத்தாழ 33 மீட்டர் ஆழம் தோண்ட முற்பட்டனர். கடலைத் தூர்த்த நிலம். அடியில் மெல்லிய களிமண். இருபுறச் சுவர்கள் உள்ளே சாயாதிருக்க, இடையே உருக்கு உத்தரங்களைப் படிப்படியாய்ப் பூட்டினர். சிமெண்டுக் குழம்பைப் பீய்ச்சிக் களிமண்ணில் கெட்டிப் படலங்களும் அமைத்தனர். இவையெல்லாம் தாங்குமா என்பதைக் கணினியே கணித்தது. ஆனால் களிமண்ணின் உறுதியை உள்ளதினும் மிகுத்துக் காட்டும் முறையொன்றை அதற்கு ஊட்டியிருந்தனர். ஆகவே சுவர் வளையும் அளவு குறைவாகவே விடையாயிற்று. உத்தரங்கள் சுவரோடு பொருந்தும் மூட்டுகளும் வேண்டிய வலுவின்றி அமைந்தன.

சுவர் வரம்பு கடந்து நகர்வதை அளவுகருவிகள் காட்டாமலில்லை. மண் தன் வாக்கைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது! அதனைக் கேட்டுப் பணியை நிறுத்தாமல், கண்ட அளவுக்கு இசையுமாறு கணக்கைத் திருத்தி வரம்பை உயர்த்தினர். 2004 ஏப்ரல் 20ஆம் நாள் பிற்பகலில் குழி இடிந்து வீழ்ந்தது. நெடுஞ்சாலையும் உடன் சரிந்தது. நால்வர் மாண்டனர். விசாரணைக் குழு மேற்சொன்ன பிழைகளை 2005இல் வெளியிட்டது.

கணினி பொய் சொல்லவில்லை. கேட்டதற்கே விடை தந்தது. செயற்கை நுண்ணறிவின் நிலை இதனினும் நுட்பமானது. பழைய பணிகளின் குறிப்புகளைக் கற்றே அது முன்னுரைக்கிறது. பழகிய மண்ணில் பழகிய முறைக்கு அது பெரிதும் துணையாகும் என்பதை யாம் மறுக்கவில்லை. புதிய முறைக்கோ கற்பதற்குப் பழங்குறிப்பு ஏது? ஃபேர்பேர்ன் முறித்த இரும்பைப்போல் யாரேனும் முதலில் ஒன்றை முறித்துப் பார்த்திருக்க வேண்டுமன்றோ? விடையைத் திரையில் காண்பவர் அலுவலகத்தில் இருக்கிறார். குழியில் நிற்பவனோ கூலித் தொழிலாளி. கருவி வரம்பு மீறியதைக் காட்டும்போது வேலையை நிறுத்தும் உரிமை எவர் கையிலுள்ளது என்பதே அவன் கேட்க வேண்டிய கேள்வி.

நிக்கல் நெடுஞ்சாலை நிலையம் பின்னர் வேறிடத்தில் அமைந்து 2010இல் திறக்கப்பட்டது. இடிந்த குழியை மண்ணிட்டு மூடினர். மாண்ட நால்வருள் மேற்பார்வையாளர் ஒருவரின் உடல் இறுதிவரை கிட்டவேயில்லை.