அரசு விளம்பரத்தில் யார் முகம்?

2023 ஜூலை 24 அன்று தர்மபுரி மாவட்டம் தொப்பூரில் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை அன்றைய முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மாதம் 1,000 ரூபாய் தருவது அரசுக் கருவூலம். திட்டத்தின் பெயரில் இருந்ததோ 'கலைஞர்'. இது ஒரு கட்சியின் பழக்கம் மட்டும் அல்ல. முந்தைய அ.தி.மு.க. ஆட்சியில் உணவகம், குடிநீர், உப்பு எல்லாமே 'அம்மா' பெயரில் வந்தன.

அரசுச் செய்தி எங்கே முடிகிறது, கட்சி விளம்பரம் எங்கே தொடங்குகிறது?

காமன் காஸ் அமைப்பு தொடர்ந்த வழக்கில், மாதவ மேனன் குழுவின் பரிந்துரைகளை ஆராய்ந்து 2015 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு விளம்பரத்தில் கட்சிப் பெயர், சின்னம், கொடி கூடாது. குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி ஆகியோரின் படம் மட்டும் வரலாம். தமிழகம் உள்ளிட்ட மாநிலங்கள் மறுஆய்வு கேட்டன. 2016 மார்ச் 18 அன்று ஆளுநர், முதல்வர், அமைச்சர் படங்களுக்கும் அனுமதி கிடைத்தது. பத்து மாதத்தில் கதவு மீண்டும் திறந்துவிட்டது!

அடுத்து பெயர்ப் பிரச்சினை. 'உங்களுடன் ஸ்டாலின்' திட்டம் வந்ததும், உயிருடன் இருக்கும் அரசியல் தலைவர்களின் பெயரைத் திட்ட விளம்பரங்களில் பயன்படுத்தக் கூடாது என்று 2025 ஜூலை 31 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. ஒரே வாரத்தில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எல்லாக் கட்சிகளும் செய்வதற்கு ஒரு கட்சியை மட்டும் குறிவைப்பது சரியல்ல என்பது அதன் கருத்து.

எல்லோரும் செய்வதாலேயே ஒன்று சரியாகிவிடுமா? தேர்தல் தேதி அறிவித்ததும் அரசு இடங்களில் உள்ள தலைவர் படங்களைத் துணி போட்டு மூடுகிறார்கள். அன்று வாக்கை இழுக்கும் படம், மற்ற நாட்களில் மட்டும் வெறும் தகவல் ஆகிவிடுமா?