ஏசுநாதர் வரலாறும் நினைவின் சாட்சியமும்

ஏசுநாதர் தம் கைப்பட ஒரு நூலும் எழுதிவைத்தவரல்லர். ரோம அதிகாரியாகிய பொந்தியு பிலாத்து யூதேயாவை ஆண்ட காலத்தில், ஏறக்குறையக் கி.பி. 30-ல், அவர் சிலுவையில் அறையுண்டு மாண்டார். அவர் வரலாறு கூறும் நான்கு சுவிசேஷங்களுள் முற்பட்டது மாற்கு பெயரால் வழங்குவது, அது கி.பி. 70-ஐ ஒட்டி எழுந்ததென்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொள்கை. இடையே பவுல் எழுதிய கடிதங்கள் உளவெனினும், அவற்றில் ஏசுநாதரின் வாழ்க்கைச் செய்திகள் மிகச் சிலவே. ஆகவே, சுமார் 40 ஆண்டுகள் அவர் சொல்லும் செயலும் பெரும்பாலும் மக்கள் நெஞ்சிலும் நாவிலுமே தங்கியிருந்தன.

நம்மவருள் சீர்திருத்தம் பேசுவோர் சிலர், கர்ண பரம்பரை என்று கேட்ட மாத்திரத்தில் கட்டுக்கதையென்று தள்ளிவிடுகின்றனர். பக்தர்களோ, கண்டவர் சொன்னார், கேட்டவர் எழுதினார், இதில் ஐயமென்ன என்கின்றனர். மனித ஞாபகம் எவ்வாறு தொழில் புரிகின்றது என்று இரு சாராரும் வினவுவதில்லை.

இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹியராப்போலிஸ் நகரத்து அத்தியட்சராயிருந்த பாப்பியாஸ் என்பார், ஏட்டினும் உயிருள்ள வாய்மொழியே தமக்கு மிகுந்த பயன் தந்ததென்று எழுதினார். மாற்கு என்பவர் பேதுருவின் மொழிபெயர்ப்பாளராயிருந்து, அவர் சொன்னவற்றுள் நினைவிலிருந்தனவற்றைப் பிழையின்றி எழுதினார், ஆனால் வரிசைப்படி எழுதவில்லை என்பதும் அவர் கூற்றே. பாப்பியாஸின் நூல் அழிந்துபோயிற்று. நான்காம் நூற்றாண்டினராகிய யூசேபியஸ் எடுத்தாண்ட பகுதிகளே இதற்கு ஆதாரம். நினைவைப் பற்றிய சாட்சியமும் நமக்கு இரண்டாம் கையாகவே வருகின்றது!

நிற்க. மேனாட்டு அறிஞருள் மார்ட்டின் டிபேலியஸ் 1919-லும், ருடால்ப் புல்ட்மன் 1921-லும் வெளியிட்ட நூல்களில், சபையாரின் பிரசங்கத்திற்கும் வழிபாட்டிற்கும் வேண்டியவாறே இக்கதைகள் உருப்பெற்றன என்று வாதித்தனர். ஸ்வீடன் தேசத்துப் பிர்கர் கெர்ஹார்ட்சன் 1961-ல் இதனை மறுத்து, யூத ஆசிரியரின் மாணாக்கர் பாடங்களை மனனம் செய்தாற்போலவே ஏசுநாதரின் சீடரும் செய்தனர் என்றார். இக்கூற்று எனக்கு முழுதும் பொருந்தவில்லை. சொல் பிசகாத மனனமே நிகழ்ந்திருக்குமாயின், ஏசுநாதர் கற்பித்த ஜெபமே மத்தேயுவில் நீண்டும் லூக்காவில் குறுகியும் காணப்படுவானேன்?

கேம்பிரிட்ஜில் உளநூல் ஆய்ந்த பிரெடெரிக் பார்ட்லெட், வட அமெரிக்கப் பழங்குடியினர் கதையொன்றைப் பலர்க்குப் படிக்கக் கொடுத்து, பின் பலமுறை திருப்பிச் சொல்லச் செய்தார். அவர்கள் தமக்குப் பழக்கமில்லாதவற்றை விட்டனர், பழக்கமானவற்றைப் புகுத்தினர். பொய்யுரைக்கும் எண்ணம் அவர்க்கு இல்லை. இச்சோதனை அவரது 1932-ஆம் ஆண்டு நூலில் உளது. பிரான்சு நாட்டு மாரிஸ் ஹால்ப்வாக்ஸோ, மனிதன் தான் சேர்ந்துள்ள கூட்டத்தின் துணைகொண்டே எதையும் நினைக்கின்றான் என்று 1925-லேயே எழுதினார். பாலஸ்தீனத்துப் புண்ணிய ஸ்தலங்களைப் பற்றிய மரபு காலந்தோறும் மாறிய விதத்தை 1941-ல் ஒரு தனி நூலாக ஆராய்ந்தார். நாஜிகளின் புக்கன்வால்ட் முகாமில் 1945-ல் அவர் உயிர் துறந்தார்.

இவற்றைக் கைவிளக்காகக் கொண்டு சுவிசேஷங்களுட் புகுவோம். பாவமன்னிப்பிற்காக மனந்திரும்புவோர்க்கு யோவான் ஸ்நானன் யோர்தான் நதியில் ஞானஸ்நானம் கொடுத்தார். ஏசுநாதரும் அவரிடம் அதனைப் பெற்றார் என்று மாற்கு கூசாமற் கூறுகின்றார். பாவமற்றவரென்று போற்றப்படுபவர்க்கு இஃது எதற்கு? ஒருவன் கையால் தீட்சை பெறுபவர் அவனினும் தாழ்ந்தவராகாரோ? மத்தேயுவில், தகுதியற்ற நானோ இதைச் செய்வது என்ற கருத்துப்பட யோவான் தடுக்கின்றார். லூக்காவில், யோவான் சிறைப்பட்ட செய்தி முன்வந்து விடுகின்றது. பின்னர், கொடுத்தவர் பெயரின்றியே ஞானஸ்நானம் சொல்லப்படுகின்றது. நான்காம் சுவிசேஷத்தில் அந்நிகழ்ச்சியே வருணிக்கப்படவில்லை. யோவான் சான்று பகர்பவராக மட்டும் நிற்கின்றார். தமக்கு இடர்ப்பாடான ஒன்றைச் சபையார் தாமே கற்பித்திருப்பரோ? நடந்தது என்பதனாலேயே அது மறக்கப்படவில்லை. மறக்க இயலாமையால் ஒவ்வொருவரும் அதற்கு ஒவ்வொரு சமாதானம் தேடினர். இவ்வேறுபாட்டை மட்டும் கண்டு முழுதும் பொய் என்பவர், கையிலகப்பட்ட தலைசிறந்த சான்றையன்றோ எறிந்துவிடுகின்றார்?

எல்லா வேறுபாடும் இவ்வளவு எளிதில் தெளிவதில்லை. மாற்கின்படி, ஏசுநாதர் சீடரோடு அருந்திய கடைசி இராவுணவு பஸ்கா விருந்தேயாம். அவர் மறுநாள் மாண்டார். நான்காம் சுவிசேஷத்திலோ, பஸ்காவை இனித்தான் உண்ணவேண்டுமாகையால், தீட்டுப்படாதிருக்கப் பிலாத்துவின் மாளிகைக்குள் யூதர் நுழையவில்லை. அவரைப் பஸ்கா ஆட்டுக்குட்டியாகக் கருதிய பக்தி நாளை முன்னே தள்ளிற்றா, அன்றி விருந்தைப் பஸ்காவாக்கிய வழிபாடு பின்னே தள்ளிற்றா? அறிஞர் ஒருமைப்பட்டிலர். ஆயின் பிலாத்துவின் தீர்ப்பு, சிலுவை, ஓய்வுநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஆகிய மூன்றிலும் இரு நூல்களும் மாறுபடவில்லை.