கண்ணாடி மணியோடு பெயர்ந்த ஊர்

நகை என்றாற் பொன் என்பதே எம்மவர் எண்ணம். ஆயினும் மேல்நாட்டுப் பெண்களிடையே பெருமதிப்புப் பெற்ற 'கொக்டெயில் மோதிரத்தை' நுண்ணிய கண்ணாடி மணிகளை நூலிற் கோத்தும் செய்வதுண்டு. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவியபோது, மறைவாக நடந்த விருந்துகளுக்கு அணிந்து சென்ற பெரிய மோதிரங்களால் இப்பெயர் பரவியது என்பர்.

கையாற் செய்யும் முறை எளிது. நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, நான்கு மணிகளை எடுத்து, நான்காவது மணியினூடாக இரு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்தி இழுத்தால் ஒரு சிறு சதுரம் அமையும். அடுத்த சதுரங்களுக்கு மும்மூன்று மணிகள் போதும். விரலளவு வந்ததும் இறுதிச் சதுரத்தை முதலாவதுடன் இணைத்து, பட்டை தீட்டிய பளிங்கு மணிகளை முகப்பில் உயர்த்திக் கட்டுவர்.

இம்மணிகளின் வரலாறோ எளிதன்று. பொகீமியாவின் வடக்கே, இசர் மலையடிவாரத்தில் யாப்லொனெட்ஸ் என்னும் நகர் உண்டு. யேர்மன் மொழியில் அதன் பெயர் கப்லோன்ஸ். அங்கே ஒருவர் கண்ணாடிக் கோலை உருக்கி அச்சில் அழுத்துவார். இன்னொருவர் பட்டை தீட்டுவார். வேறொருவர் உலோகச் சட்டம் செய்வார். வணிகர் ஏற்றுமதி செய்வார். இந்தியப் பெண்கள் அணிந்த கண்ணாடி வளையல்களிலும் ஒரு பகுதி அங்கிருந்தே வந்தது. பளிங்கு வெட்டும் மின்பொறியை 1892இல் உருவாக்கிய டானியல் சுவரொவ்ஸ்கி இப்பகுதியிற் பிறந்தவரே. 1895இல் அவர் ஒஸ்திரியாவின் வாட்டன்ஸ் என்னும் ஊருக்குத் தொழிலை மாற்றினார்.

1938இல் மியூனிக் உடன்படிக்கையின்படி இப்பகுதி நாசி யேர்மனியுடன் இணைந்தது. செக் மக்கள் பலரும் யூதரும் வெளியேற நேர்ந்தது. நகரின் யூதத் தொழுகைக்கூடமும் எரிக்கப்பட்டது. 1945இல் போர் முடிந்ததும் காட்சி மாறியது. செக்கோசிலோவாக்கியாவிலிருந்து ஏறத்தாழ முப்பது இலட்சம் யேர்மானியர் வெளியேற்றப்பட்டனர். கப்லோன்ஸ் தொழிலாளரும் கையிற் கொண்ட பொதிகளோடு அகதிகளாயினர். முன்னைய கொடுமைகளில் எப்பங்குமில்லாத குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர்.

பவேரியாவிற் பல ஊர்களிற் சிதறிய அவர்களை ஒன்றுசேர்க்க முனைந்தவர் எரிக் ஹுஷ்கா என்னும் பொறியியலாளர். கௌப்பொய்ரன் நகருக்கு அருகே, வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலையின் இடிபாடுகளிடையே 1946இற் குடியேற்றம் தொடங்கியது. அழுத்துபவர், தீட்டுபவர், சட்டம் செய்பவர், விற்பவர் என்னும் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் தொழில் நில்லாது. ஆகவே அவர்கள் ஓரிடத்தில் வாழ்ந்தாக வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். கைக்குக் கிட்டிய கழிவு உலோகத்திலும் நகை செய்து பிழைத்தனர். 1952இல் அக்குடியிருப்பு 'நொய்கப்லோன்ஸ்', அதாவது புதிய கப்லோன்ஸ், எனப் பெயர் பெற்றது.

பிற்காலத்தில் ஆசிய நாடுகளின் மலிவுப் பொருள்களால் அத்தொழில் சுருங்கியது. தாயகத்திலிருந்து கொண்டுவந்த 'பௌரிஷ்' என்னும் வட்டார மொழியும் இன்று பெரும்பாலும் முதியோர் நாவிலேயே உள்ளது. எனினும் ஊர்ப்பெயர் நிலைத்தது. வரலாற்றைக் காக்கும் அரும்பொருளகமும் அங்குண்டு. பழைய யாப்லொனெட்ஸிலும் மணித்தொழில் தொடர்கின்றது.

எமது நிலை வேறு. எமது வரலாறும் வேறு. ஆயினும், ஏதிலியர் எவரும் இங்கு கற்கத்தக்கது ஒன்றுண்டு. கைவினையைத் தனியொருவர் நினைவில் வைத்திருக்கலாம். அதை வாழவைக்க அயலில் இன்னும் சிலர் வேண்டும். மொழிக்கும் இது பொருந்தும். பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பதை வீட்டோடு முடித்துவிடாது, அயற்குடும்பங்களோடு சேர்ந்து செய்வோமாயின், எமது கோவையும் அறாது நிலைக்கும்.