சுவரைச் சுரண்டியோரும் சுவரைக் காத்தோரும்

இங்கிலாந்தின் பழைய பங்குத் தேவாலயங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தூணையும் வளைவையும் அளந்து, இது நோர்மன் பாணி, இது கொதிக் பாணி என்று பெயரிட்டு நின்றுவிடுகின்றனர். பாணிகளை அறிதல் வேண்டியதே. ஆயின் பாணி தானாக மாறுவதில்லை. அதனை மாற்றுதற்குப் பொருளும் உழைப்பும் வேண்டும். அப்பொருள் எங்கிருந்து வந்தது, அவ்வுழைப்பு எவருடையது, பின்வந்த காலம் அவற்றுள் எதனைப் பேணிற்று, எதனை அழித்தது என்ற வினாக்களை எழுப்பும்போதுதான் கட்டடம் வரலாற்றுச் சான்றாகின்றது. இந்நோக்கிலே ஒரேயொரு கட்டடத்தை நாம் இங்கு எடுத்துக்கொள்வோம். கொற்ஸ்வோல்ட் குன்றுகளின் ஓரத்திலே, விண்ட்ரஷ் ஆற்றை அடுத்து, ஒக்ஸ்போர்ட் மாவட்டத்துள் அமைந்த பேர்போர்ட் என்னும் சிறு பட்டினத்தின் தேவாலயமே அது.

யோவான் ஸ்நானகன் பெயரால் விளங்கும் இத்தேவாலயம் ஒரே காலத்தில் எழுந்ததன்று. நடுவே நிற்கும் கோபுரத்தின் கீழ்ப்பகுதி 12ஆம் நூற்றாண்டுக்குரியது. பருத்த சுவர், அரைவட்ட வளைவு, மேற்கு வாயிலைச் சுற்றிய வளைகோட்டுச் செதுக்கு ஆகிய யாவும் நோர்மன் ஆட்சிக் காலத்தை உணர்த்துவன. அதே கோபுரத்தின் மேல் 15ஆம் நூற்றாண்டிலே கூர்முடி ஏற்றப்பட்டது. அந்நூற்றாண்டிலேயே மக்கள் கூடும் நடுமண்டபம் புதுக்கப்பட்டது. அகன்ற சாளரங்கள் ஒளியை உள்ளே கொணர்ந்தன. தெற்கிலே மூன்று அடுக்குக் கொண்ட வாயில் மண்டபம் எழுந்தது.

இவற்றினும் கருத்தைக் கவர்வது வணிகர் சங்கத்தின் சிற்றாலயமாகும். பேர்போர்ட் 11ஆம் நூற்றாண்டின் இறுதியளவிலேயே வணிகர் சங்க உரிமையைப் பெற்ற பட்டினம். அச்சங்கத்தார் 1200ஆம் ஆண்டை ஒட்டித் தேவாலய வளவிலே தமக்கெனத் தனியாலயம் ஒன்றை அமைத்துக்கொண்டனர். பின்னர், 15ஆம் நூற்றாண்டில், அது பெரிய தேவாலயத்தோடு இணைக்கப்பட்டது. ஆயினும் இரண்டின் அச்சும் ஒத்துப்போகவில்லை. இன்றும் அது சற்றுக் கோணலாகவே நிற்கின்றது. குருமாரின் அதிகாரத்துக்கும் பிரபுவின் அதிகாரத்துக்கும் அருகே, பணம் படைத்த மூன்றாவது வர்க்கமொன்று தலையெடுத்த வரலாற்றை அந்தக் கோணல் நமக்குக் காட்டுகின்றது.

அப்பணம் ஆட்டு மயிரிலிருந்து வந்தது. கொற்ஸ்வோல்ட் மேய்ச்சல் நிலங்களின் கம்பளி பிளாண்டர்ஸ் நாட்டு நெசவாளரிடமும் இத்தாலிய வணிகரிடமும் சென்றது. விலை வணிகரிடம் வந்தது. அதிலொரு பங்கு கல்லாயிற்று. தேவாலய முற்றத்திலுள்ள செல்வர் கல்லறைகள் சிலவற்றின் மேற்பாகம் உருண்டு திரண்டிருக்கும். அவை கம்பளிப் பொதியின் வடிவம் என்பது ஊரார் கூற்று. மேய்த்தவனுக்கும் மயிர் கத்தரித்தவனுக்கும் அத்தகைய கல்லறைகள் இல்லை.

உள்ளேயும் இதே கதைதான். எட்டாம் ஹென்றி மன்னனின் நாவிதராயிருந்த எட்மண்ட் ஹாமன், மடங்கள் கலைக்கப்பட்ட காலத்தில் பேர்போர்டில் சொத்துப் பெற்றவர். 1569ஆம் ஆண்டில் அவர் எழுப்பிய நினைவுச் சின்னத்திலே அமெரிக்கப் பழங்குடி மக்களின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. கடல் கடந்த நிலங்களின்மீது ஐரோப்பியச் செல்வரின் கண் விழத் தொடங்கிய காலம் அது. அப்பாலே நீதிபதி லோறன்ஸ் ரான்பீல்டின் கல்லறை, தூண்களும் விதானமுமாக ஒரு பக்க ஆலயத்தையே அடைத்து நிற்கின்றது. 1617ஆம் ஆண்டில் அவ்வூரின் நிலவுரிமையை வாங்கிய இவர், அடுத்த சில ஆண்டுகளில் வழக்கின் வாயிலாகப் பட்டினத்தாரின் பழைய உரிமைகளைப் பறித்தார். 1625ஆம் ஆண்டில் அவர் இறந்தபின், எவரிடமும் அனுமதி பெறாது மனைவி இக்கல்லறையை எழுப்பினார் என்பர். ஊரின் வெறுப்பும் அவ்வளவே உயரமாயிருந்தது.

இத்தனை ஆடம்பரத்துக்கு நடுவே ஞானஸ்நானத் தொட்டியொன்று உண்டு. அதன் ஈய விளிம்பிலே கூரிய கருவியால் கீறப்பட்ட சில எழுத்துக்கள் உள. அந்தனி செட்லி, 1649, கைதி என்பதே அவற்றின் பொருள். கைதி என்ற ஆங்கிலச் சொல்லை அவன் பிழையாகவே எழுதியுள்ளான். ஆயினும் இக்கட்டடத்தின் மிக அரிய கல்வெட்டு எதுவென்று கேட்டால், நாம் இதனையே சுட்டுவோம்.

அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் முதலாம் சாள்ஸ் மன்னன் சிரச்சேதம் செய்யப்பட்டான். ஆனால் மன்னனை வீழ்த்திய படையின் சாதாரண வீரர்கள், மன்னன் போனால் போதாது, நாடாள்வோரைத் தெரியும் உரிமை எளியோருக்கும் வேண்டும் என்றனர். 1647இல் பற்னி என்னுமிடத்திலே தளபதிகளோடு நேர்நின்று இதனை அவர்கள் வாதாடினர். ஏற்றத்தாழ்வை நிரவுவோர் என்ற பொருளில் 'லெவலர்' என்று எதிரிகள் இவர்களை இகழ்ந்தனர். 1649 மே மாதத்தில், சம்பள நிலுவை தீர்க்கப்படாமல் அயர்லாந்துப் போருக்குச் செல்ல மறுத்துச் சில படைப்பிரிவுகள் கிளர்ந்தன. அயர்லாந்து மக்களை அடக்க நமக்கேது உரிமை என்ற குரலும் அந்நாளில் எழுந்தது. குறொம்வெலும் பெயர்பக்ஸும் இரவோடிரவாகப் பேர்போர்டிலே அவர்களை வளைத்துப் பிடித்தனர். ஏறக்குறைய 340 பேர் இத்தேவாலயத்துள் அடைக்கப்பட்டனர். மே 17ஆம் நாள் தொம்சன், பேர்கின்ஸ், சேர்ச் என்னும் மூவர் தேவாலய முற்றத்திலே சுவரோடு நிறுத்திச் சுடப்பட்டனர். ஏனையோர் கூரைமேல் ஏற்றப்பட்டு, அதனைப் பார்க்குமாறு செய்யப்பட்டனர். தொழுகைக்கெனக் கட்டிய கூரை அன்று அச்சுறுத்தலின் மேடையாயிற்று.

இனி, புனருத்தாரணத்தின் கதைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் ஆயிரக்கணக்கான பழைய தேவாலயங்கள் திருத்தப்பட்டன. கூரை ஒழுகிற்று, சுவர் வெடித்திருந்தது என்பது உண்மையே. பழுதுபார்க்காதிருந்தால் பல விழுந்திருக்கும். ஆனால் நோக்கம் பழுதுபார்த்தலோடு நிற்கவில்லை. இடைக்காலத்தின் ஒரு கட்டமே தூயது, பின்வந்தவை யாவும் களங்கம் என்ற கொள்கை குருமாரிடையும் கட்டடக் கலைஞரிடையும் பரவியிருந்தது. தொழிற்சாலைப் புகையும் தொழிலாளர் கிளர்ச்சியும் மலிந்த காலத்திலே, பிரபுவுக்கும் குருவுக்கும் அடங்கிய ஒழுங்கான பழங்காலம் ஒன்றைக் கற்பனை செய்வது ஆளும் வர்க்கத்துக்கு ஆறுதலாகவும் இருந்தது. பிந்திய நூற்றாண்டுகளின் இருக்கைகளும் மாடங்களும் அகற்றப்பட்டன. உட்சுவரின் பழஞ்சாந்து சுரண்டப்பட்டது. அதன்மேலிருந்த ஓவியங்களும் பல இடங்களில் அதனோடு போயின. கண்ணுக்குத் தெரியவேண்டுமென்று கொத்தன் ஒருபோதும் கருதாத கரடுமுரடான கற்கள் வெளியே வந்தன; அவையே பழைமை எனப் போற்றப்பட்டன.

1870களிலே பேர்போர்டிலும் இப்பணி நிகழ்ந்தது. பொறுப்பேற்றவர் அக்காலத்தின் பேர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜோர்ஜ் எட்மண்ட் ஸ்றீற். 1876இல் அவ்வழியே வந்த வில்லியம் மொறிஸ் நடப்பதைக் கண்டு கொதித்தார். இருபதாண்டுகளுக்கு முன், ஒக்ஸ்போர்டில் இதே ஸ்றீற்றின் அலுவலகத்திலேதான் மொறிஸ் தொழில் பயின்றார் என்பது கருதத்தக்கது. தேவாலயம் தம்முடையது, விரும்பினால் அதனுள்ளே தலைகீழாகவும் நிற்பேன் என்று பங்குக் குரு அவருக்கு மறுமொழி கூறியதாக ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், அதிலுள்ள வினா மெய்யானது. நூற்றாண்டுகளாகப் பல கைகள் எழுப்பிய ஒன்று எவருடைய உடைமை?

இவ்வினாவுக்கு மொறிஸ் செயலால் விடை கூறினார். ரியூக்ஸ்பரித் தேவாலயத்துக்கும் இதே கதி நேரவிருப்பதை அறிந்து, 1877 மார்ச் மாதத்திலே பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அம்மாதமே பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தோன்றிற்று. சுரண்டலுக்கு எதிரானோர் என்பது அதற்கு விளையாட்டாக வழங்கிய பெயர். தமிழிலே அச்சொல்லுக்குள்ள இரு பொருளும் மொறிசுக்குப் பொருந்துவன: 1883இல் அவர் சோஷலிச இயக்கத்திலே சேர்ந்தார். ஒழுகும் கூரையை அடைக்கலாம், சாயும் சுவருக்கு முட்டுக்கொடுக்கலாம், ஆனால் இறந்த காலத்தைப் புதிதாகச் செய்ய இயலாது என்பது அவரது கொள்கை. பழைய கொத்தன் தன் கைத்திறனிலே ஓரளவேனும் சுதந்திரம் உடையவன். கூலிக்கு ஒப்பந்தக்காரன் கட்டளைப்படி அதே வடிவத்தைப் பிரதி செய்பவனால் அதனைத் திரும்ப ஆக்க முடியாது என்றார். அவருடைய நிறுவனம் தேவாலயங்களுக்கு வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் செய்து பொருளீட்டி வந்தது. ஆயினும் சங்கம் தோன்றியபின், திருத்தப்படும் பழந்தேவாலயங்களுக்குப் புதிய சாளரம் செய்வதை அவர் நிறுத்தினார். கொள்கைக்காகத் தம் வருவாயை இழக்க அவர் பின்நிற்கவில்லை.

மொறிஸ் இடைக்காலத்தை ஓரளவு அழகுபடுத்தியே கண்டார் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. அக்கொத்தன் வாழ்ந்ததும் நிலப்பிரபுத்துவச் சமுதாயத்திலேதான். ஆனால் கட்டடம் என்பது ஒரு காலத்தின் பாணிக்கு மாதிரியன்று, அதனுள் வாழ்ந்த எல்லாத் தலைமுறைகளின் சாட்சியம் என்ற அவரது கருத்து நிலைத்து நிற்கின்றது. ஒரு நூற்றாண்டை மட்டும் தூயதென்று தெரிந்து மற்றையவற்றைச் சுரண்டுவோர், கல்லோடு மக்களையும் துடைத்துவிடுகின்றனர்.

தொட்டியின் விளிம்பிலுள்ள கீறல் தப்பிவிட்டது. 1975ஆம் ஆண்டிலே ஒக்ஸ்போர்டின் தொழிலாளர் கல்வி இயக்கத்தினர் அம்மூவரையும் நினைவுகூரும் நாளொன்றைப் பேர்போர்டில் தொடக்கினர். மறு ஆண்டு, அமைச்சராயிருந்த ரொனி பென் அங்கு உரையாற்றினார். 1979இல் தேவாலயச் சுவரிலே அவர்களுக்கு நினைவுத் தகடு பதிக்கப்பட்டது. ரான்பீல்டின் விதானக் கல்லறையை இன்று பார்வையாளர் கடந்து செல்கின்றனர். அந்தனி செட்லியின் எழுத்தைக் குனிந்து வாசிக்கின்றனர். வரலாறு கற்பிக்கும் நாமும் கற்கும் மாணவரும் எந்தப் பழங்கட்டடத்துள் நுழைந்தாலும், கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபின் ஒருமுறை குனிந்தும் பார்ப்போமாக.