விஜய் ஐயர்

விஜய் ஐயர் (பிறப்பு: அக்டோபர் 26, 1971) தமிழ்ப் பின்னணி கொண்ட அமெரிக்க பியானோ கலைஞரும் இசையமைப்பாளரும் ஆவார். ஜாஸ் இசையின் ஒத்திசைவையும் மனோதர்மத்தையும் மேற்கத்திய செவ்வியல் வடிவங்களுடன் இணைக்கும் ஆக்கங்களுக்காகவும் இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

இந்தியாவிலிருந்து குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் பிறந்தார். மூன்று வயதில் தொடங்கி 15 ஆண்டுகள் செவ்வியல் வயலின் கற்றார். பியானோவைப் பெரும்பாலும் கேள்வி ஞானத்தால் தாமே பயின்றார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்த இவர், பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1998 இல் முனைவர் பட்டம் பெற்றார். 2014 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

ஜாஸும் செவ்வியல் வடிவமும்

செவ்வியல் ஒத்திசைவின் அடிப்படை மூன்று சுரங்கள் கொண்ட கூட்டு ஆகும். ஜாஸ் இசையில் இதனுடன் ஏழாம், ஒன்பதாம், பதின்மூன்றாம் சுரங்களும் வழக்கமாகச் சேர்க்கப்படுகின்றன. இச்சுரக்கூட்டுகளை ஃபியூக், சொனாட்டா போன்ற வடிவங்களில் அமைப்பது கடினமன்று. ஆனால் ஜாஸ் மேடையில் அப்போதைக்கப்போது பிறப்பது. செவ்வியல் ஆக்கமோ பெரும்பாலும் முன்னரே எழுதி முடிக்கப்படுவது. இரண்டையும் இணைப்பவர் எதை எழுதுவது, எதை வாசிப்பவரிடம் விடுவது என முடிவு செய்ய வேண்டியுள்ளது.

உருசிய இசையமைப்பாளர் நிக்கோலாய் கபுஸ்தின் (1937–2020) ஒவ்வொரு சுரத்தையும் எழுதினார். இவருடைய 24 பிரெலூடுகளும் ஃபியூக்குகளும் (1997) கேட்பதற்கு மனோதர்மம் போல ஒலித்தாலும் முழுவதும் எழுதப்பட்டவை. விஜய் ஐயர் வேறு வழியைப் பின்பற்றுகிறார். பியானோ, நால்வர் நரம்பிசைக் குழு, மின்னணு ஒலிகள் ஆகியவற்றுக்காக இவர் இயற்றிய 'மியூட்டேஷன்ஸ்' பத்துப் பகுதிகள் கொண்டது. 2014 இல் இசிஎம் நிறுவனம் வெளியிட்டது. இதில் எழுதப்பட்ட இசையும் வாசிக்கும்போதே உருவாகும் இசையும் கலந்துள்ளன. எனவே ஒவ்வொரு முறை நிகழ்த்தப்படும்போதும் இவ்வாக்கம் ஓரளவு மாறுபடும்.

கருநாடக இசையில் கீர்த்தனை நிலையாக இருக்க, நிரவலும் கற்பனைசுரமும் கச்சேரிக்குக் கச்சேரி மாறுவதை இதனுடன் ஒப்பிடலாம். எனினும் இவர் இராகங்களை அப்படியே எடுத்தாள்வதில்லை. தென்னிந்தியத் தாளக் கணக்குகளின் தாக்கமே இவரது இசையில் மிகுதி. கிதார் கலைஞர் பிரசன்னா, தபலா கலைஞர் நிதின் மிட்டா ஆகியோருடன் 'தீர்த்தா' (2011) என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார்.

விருதுகள்

2009 இல் வெளியான 'ஹிஸ்டாரிசிட்டி' கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2013 இல் மக்ஆர்தர் நல்கை இவருக்கு வழங்கப்பட்டது.