மூன்று என்சைம், இரண்டு நிமிடம்

கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தவர்களுக்குத் தெரியும். "கிரியாட்டினின் ரிப்போர்ட் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கிரியாட்டினின் தசையில் உண்டாகும் கழிவு. கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும். லேபுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு அந்த எண்ணுக்காகக் காத்திருக்கணும். அதையே படுக்கைக்குப் பக்கத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்லும் சில்லு ஒன்று இருக்கிறது. அதன் பூர்வீகத்தைத் தேடப்போய்க் கிடைத்தது இது.

1886-இல் ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் யாஃபே, காரக் கரைசலில் பிக்ரிக் அமிலத்தோடு சேர்ந்தால் கிரியாட்டினின் ஆரஞ்சுச் சிவப்பாக மாறுவதைக் கவனித்தார். பல லேப்களில் இன்றைக்கும் அந்த நிறம்தான் கணக்கு. மலிவு, ஆனால் ஆள் பார்த்துப் பழகத் தெரியாது. சர்க்கரை நோய் முற்றி ரத்தத்தில் கீட்டோன் ஏறியிருந்தால், அதையும் கிரியாட்டினின் என்றே எண்ணிவிடும்.

நிறத்தை விட்டு மின்சாரத்துக்கு வந்தது 1962-இல். அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க், சாம்ப் லயன்ஸ் இருவரும் மின்முனைமேல் ஒரு என்சைமை நிறுத்தலாம் என்று எழுதினார்கள். என்சைம் தனக்கான பொருளை மட்டும் பிடிக்கும், மின்முனை அதை எண்ணாக மாற்றும். 1975-இல் இந்த வழியில் ரத்த குளுக்கோஸ் பார்க்கும் மேஜை மெஷின் விற்பனைக்கு வந்தது.

மேஜையைக் கையளவுக்குச் சுருக்கியவர்களில் முக்கியமானவர் இமாண்ட்ஸ் லாக்ஸ். 1983-இல் ஐ-ஸ்டாட் நிறுவனத்தைத் தொடங்கினார். மெல்லிய மின்முனைகளை சிலிக்கான் மேல் படியவைத்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் கார்ட்ரிட்ஜில் பொருத்தினார்கள். கிரியாட்டினினுக்கு ஒரு என்சைம் போதவில்லை. முதல் என்சைம் அதை கிரியாட்டினாக்கும், அடுத்தது சார்கோசினாக்கும், மூன்றாவது ஹைட்ரஜன் பெராக்சைடை விடுவிக்கும். பிளாட்டினம் மின்முனை பார்ப்பது அந்தப் பெராக்சைடைத்தான்.

எனக்குப் பிடித்தது வேறொரு சங்கதி. எறியப்போகும் சில்லை யார் அளவு சரிபார்ப்பது? கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே, அளவு தெரிந்த கரைசல் ஒரு சின்னப் பையில் இருக்கிறது. மெஷினில் செருகியதும் பை குத்தப்பட்டு, கரைசல் முதலில் சில்லுமேல் ஓடும். அதை அளந்து ஒத்துப்பார்த்த பிறகுதான் அந்த இரண்டு மூன்று சொட்டு ரத்தம் உள்ளே தள்ளப்படும். பூட் ஆகும்போது கம்ப்யூட்டர் செய்துகொள்ளும் செல்ஃப் டெஸ்ட் மாதிரிதான். என்னைக் கேட்டால், சுருக்கியதைவிட இதுதான் பெரிய வேலை.

இப்படியெல்லாம் செய்தும் ஒரு ஓட்டை இருக்கத்தான் செய்கிறது. அரிவாள் செல் ரத்தசோகைக்கும் சிலவகை ரத்தப் புற்றுநோய்க்கும் ஹைட்ராக்ஸியூரியா கொடுப்பார்கள். அது உடம்பில் இருந்தால் சில்லு காட்டும் கிரியாட்டினின் உண்மையைவிட ஏறிவிடும். செல்ஃப் டெஸ்ட் பாஸ், எண் தப்பு! கரைசலில் அந்த மருந்து இல்லையே, எப்படித் தெரியும்? நல்ல கிட்னியை டாக்டர் பழுது என்று எடுத்துக்கொள்ளலாம். தயாரிப்பாளர் தரும் குறிப்பிலேயே, இவர்களுக்கு வேறு முறையில் பாருங்கள் என்று எச்சரிக்கை இருக்கிறது.

ஆக, அவர்கள் ரத்தம் மறுபடி லேபுக்குத்தான் போகணும். அங்கே பல இடங்களில் காத்திருப்பது யாஃபேயின் அதே பிக்ரிக் அமிலம்.