ரெட் ஹெர்ரிங்: ஒரு கருவாட்டின் பின்னால் போன கதை

ஆங்கிலத்தில் நிறம் வைத்துப் பேசுகிற வழக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. பொறாமை வந்தால் பச்சை, மனசு சரியில்லை என்றால் நீலம், கடனில் மூழ்கினால் சிவப்பு. இந்த வரிசையில் என்னை ரொம்ப நாள் ஏமாற்றிய ஒன்று இருக்கிறது. அதுதான் ‘ரெட் ஹெர்ரிங்’. துப்பறியும் கதையில் வாசகரைத் தவறான ஆள்மேல் சந்தேகப்பட வைக்கும் தடயத்தை அப்படிச் சொல்வார்கள். அரசியலில், கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறு பேச்சை இழுத்து விடுவதற்கும் இதே பெயர்தான்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சிற்றிதழுக்காகத் துப்பறியும் கதைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்தேன். அதில் இந்தச் சொல் வந்தது. சும்மா ‘திசைதிருப்பல்’ என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம். நான்தான் மேதாவி ஆயிற்றே, அடிக்குறிப்பு ஒன்று சேர்த்தேன்: ‘அந்தக் கால இங்கிலாந்தில் வேட்டை நாய்களைக் குழப்ப, விலங்கு ஓடிய தடத்துக்குக் குறுக்கே புகையூட்டிய மீனை இழுத்துப் போவார்கள். அதிலிருந்து வந்த வழக்கு இது.’ அச்சிலும் வந்துவிட்டது. பார்ப்பவரிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

பிறகு ஒருநாள் வேறு எதையோ தேடப்போய், அந்த அடிக்குறிப்பு தப்பு என்று தெரிந்துகொண்டேன்.

முதலில் மீனைப் பார்ப்போம். ஹெர்ரிங் என்பது நம்ம ஊர் மத்தியோடு உறவுள்ள கடல்மீன். அதை உப்பில் மட்டும் போட்டு வைத்தால் ‘வெள்ளை ஹெர்ரிங்’. உப்பும் போட்டு, நாள்கணக்கில் புகையிலும் தொங்கவிட்டால் சதை செம்பு நிறத்துக்கு வந்துவிடும். அதுதான் ‘சிவப்பு ஹெர்ரிங்’. ஆக, இந்த வழக்கில் உள்ள சிவப்பு உவமையே இல்லை, நிஜ நிறம். ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் மாதக்கணக்கில் கெடாமல் இருந்த சாப்பாடு அது. இறைச்சி விலக்கிய தவக்காலத்தில் அதற்குத் தனி மவுசு. கிரேட் யார்மத் என்ற துறைமுக ஊர் இந்த மீனாலேயே பேர் வாங்கியது. தாமஸ் நாஷ் என்ற எழுத்தாளர் 1599-இல் அந்த ஊரையும் அதன் மீனையும் புகழ்ந்து ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். வாசனை எப்படி இருந்திருக்கும் என்று கருவாடு வறுத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, நாய்களைக் குழப்பிய கதை எங்கிருந்து வந்தது? அகராதிக்காரர்கள் வெகுகாலம் ஆதாரமாகக் காட்டியது, நிக்கோலஸ் காக்ஸ் எழுதிய வேட்டை நூலின் 1686-ஆம் ஆண்டுப் பதிப்பை. அதோடு சேர்த்து அச்சான ஒரு பகுதியில் செத்த பூனையையோ நரியையோ தரையில் இழுத்துப் போகச் சொல்லியிருக்கிறது. அவை கிடைக்காவிட்டால் சிவப்பு ஹெர்ரிங். படித்தவர்கள், ‘ஆகா, நாய்களுக்கு வைத்த சோதனை!’ என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

2008-இல் ராபர்ட் ஸ்காட் ராஸ், ஜெரால்ட் கோஹன் இருவரும் இதைக் கிளறிப் பார்த்தார்கள். அந்தப் பகுதியை எழுதியவர் காக்ஸே இல்லை, ஜெரார்ட் லாங்பெய்ன். அவர் பேசுவது நாய்ப் பயிற்சியைப் பற்றியும் இல்லை, குதிரைப் பயிற்சியைப் பற்றி. மீனை இழுத்துப் போனால் நாய்கள் அந்த வாசனையைப் பிடித்து ஓடும். நாய்களுக்குப் பின்னால் குதிரையை ஓட்டினால், வேட்டையின் சத்தத்துக்கும் வேகத்துக்கும் அது பழகிவிடும். அவ்வளவுதான். அங்கே மீன் இருப்பது நாய்கள் பின்தொடர்வதற்காக, ஏமாறுவதற்காக அல்ல! அர்த்தம் அப்படியே தலைகீழ்.

அப்படியானால் ‘ஏமாற்று’ என்ற பொருள் எப்போது ஒட்டிக்கொண்டது? இங்கேதான் வில்லியம் காபெட் வருகிறார். 1763-இல் ஃபார்னம் என்ற ஊரில் பிறந்த விவசாயி மகன். ‘பொலிட்டிகல் ரெஜிஸ்டர்’ என்ற வாரப் பத்திரிகையை நடத்தியவர். படைவீரர்களுக்குச் சவுக்கடி கொடுத்ததைக் கண்டித்து எழுதியதற்காக 1810-இல் இரண்டு வருடம் சிறைத்தண்டனை வாங்கியவர். லேசுப்பட்ட ஆள் இல்லை.

1807 தொடக்கத்தில் நெப்போலியன் தோற்றுவிட்டார் என்று ஒரு பொய்ச் செய்தி கிளம்பியது. லண்டன் பத்திரிகைகள் அதையே பிடித்துக்கொண்டு, உள்நாட்டில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்விகளை மறந்தன. காபெட்டுக்குக் கோபம். பிப்ரவரி 14 இதழில் ஒரு கதை சொன்னார்: சின்ன வயசில் முயல் வேட்டை நாய்களின் மோப்பத்தைக் கலைக்க, தான் ஒரு சிவப்பு ஹெர்ரிங்கை இழுத்துப் போனதாக. அந்தப் பொய்ச் செய்தியும் அதே மாதிரியான அரசியல் ஹெர்ரிங்தான் என்று முடித்தார். 1833-இல் அதே கதையை இன்னும் விரிவாகச் சொன்னார். அவர் வாசகர்கள் வழியாகச் சொல் பரவியது. காபெட் அந்தக் கதையைப் பெரும்பாலும் இட்டுக்கட்டியிருக்க வேண்டும் என்பதுதான் ராஸ், கோஹன் இருவரின் முடிவு.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. பொய்ச் செய்தியை நம்பாதே என்று சொல்லப் பிறந்த ஒரு கதை. அதை நிஜ வேட்டை வழக்கம் என்று நம்பி, வேட்டைப் புத்தகங்களில் தடம் தேடினார்கள் அறிஞர்கள். தடமோ பத்திரிகைப் பக்கத்தில் கிடந்தது. அந்தக் கூட்டத்தின் கடைசியில் நானும் அடிக்குறிப்போடு ஓடிக்கொண்டிருந்தேன்.

ஏன் நம்பினேன் என்று பின்னால் கேட்டுக்கொண்டேன். கதை அழகாக இருந்தது, அதனால்தான். காட்டுப் பாதை, மோப்பம் பிடிக்கும் நாய்கள், குறுக்கே ஒரு மீன்... காட்சி கண்முன்னால் வந்து நிற்கிறது. அப்படி வந்து நின்றதும் ஆதாரம் கேட்கத் தோன்றவில்லை. சொல்லின் பிறப்பைப் பற்றி யாராவது ரொம்ப ருசியாகக் கதை சொன்னால், இப்போதெல்லாம் மூலப் பக்கத்தை ஒருதடவை புரட்டிப் பார்த்துவிடுகிறேன்.

அந்த அடிக்குறிப்பு மட்டும் இன்னும் அச்சில் அப்படியே இருக்கிறது. படித்த யாராவது இங்கே வந்தால், திருத்தம் இதுதாங்க.